அவசரம்

வரைபடத்தில் எண்பத்தாறு மனைகள்.
விற்றது ஒன்பது.
ஊத்துக்கோட்டையில், செல்போன் கடை மாடியில்,
சிவப்புப் பொட்டுத் தாளோடு உட்கார்ந்து
மேலும் எழுபது ஒட்டினேன்.
கிழக்கு பார்த்த மூலைகளை முதலில்;
நல்லது முதலில் போனால்தானே நம்புவார்கள்.
“காலிப் பந்தியில எவனும் உக்கார மாட்டான்மா”
என்பார் கிரிபாபு சார்.

பிறகு எழுதினேன்:
இன்னும் ஏழே மனைகள்.
ஞாயிறு மாலை ஆறு மணி வரை மட்டும்.
அவசரம்!

போன ஞாயிறும் அதே ஆறு மணிதான்.
ஒருமுறை அங்கேயே நின்று பார்த்தேன்.
ஆறு ஆனது.
கம்பத்தில் வண்ணக்கொடி படபடத்தது.
எல்லைக்கல்லில் ஒரு வெள்ளாடு
முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது,
அதற்கு எந்தக் கெடுவும் சொல்லப்படவில்லை.

தெலுங்கு நோட்டீஸுக்குச் சத்தியவேடு அச்சகம்.
கங்காதரம் கண்ணாடியை உயர்த்தினார்:
“அவசரம்னா எங்க பாஷைல தேவைன்னு அர்த்தம்மா.
நீங்க சொல்றதுக்கு நாங்க தொந்தரன்னுவோம்.”
“எங்க பக்கம் அது தொந்தரவு” என்றேன்.
சிரித்தோம்.
மாற்ற நேரமில்லை, அப்படியே அடித்தார்கள்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆயிரம் தாள்
தேவை தேவை என்று போயிற்று.

அதில் ஒன்றை நாலாய் மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தவர் சுப்பராயுலு.
சுருட்டப்பள்ளியில் வாடகை வீடு,
கல் லாரி ஓட்டிச் சேர்த்த பணம்.
கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
இருபத்தேழின் மேல் விரலை வைத்தார்.
அது சிவப்பு.
“இப்பதான் கேன்சல் ஆச்சு” என்று பொட்டை உரித்தேன்,
கூடவே ‘இரண்டு’ம் உரிந்து வந்தது.

“பக்கத்துல யாரு மேடம்?
இருபத்தாறு, இருபத்தெட்டு?”

இதுவரை யாரும் கேட்காதது.
இருபத்தாறு ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் என்றேன்,
ரெண்டு பெண்கள்.
இருபத்தெட்டு பாங்க்கில் வேலை,
கொஞ்சம் முன்கோபி.
பொய்க்கு ஒரு குறை வைத்தால் உறுதியாய் நிற்கும்,
தொழிலில் கற்றது.
“கோபம்னா என்ன, பழகினா சரியாயிடும்”
என்று கையெழுத்துப் போட்டார்.

பத்து மாதத்தில் வீடு.
சுற்றிலும் சீமைக்கருவேலம்.
காம்பவுண்டில் இருபத்தாறு பக்கம் மட்டும்
ஓர் ஆள் நுழையும் அளவு இடம் விட்டிருந்தார்.
“எங்க போர்ல தண்ணி நல்லாருக்கு.
அந்தப் பொண்ணுங்க எடுத்துக்கட்டும்.”

மாதம் ஒரு போன்.
“போஸ்ட் மாஸ்டர் எப்ப வராரு? புதர் வெட்டணும்.
நேத்து ஒரு பாம்பு.”
“அடுத்த மாசம்” என்பேன்.
நான் எழுதியவற்றில்
கடைசித் தேதியே இல்லாதது அது ஒன்றுதான்.
“அவசரம் ஒண்ணுமில்ல மேடம்”
என்று வைத்துவிடுவார்.
எந்த பாஷையில் என்று
நான் கேட்டதில்லை.

இப்போது ஃபேஸ் டூ.
கேமராப் பையன் போனான்,
ஒரே வீட்டை நாலு பக்கமிருந்து எடுத்துவந்தான்.
மூன்று படத்தில் அதே நீல லுங்கி
காய்கிறது.
நான் தலைப்பு வைத்தேன்:
குடியேறிவிட்டார்கள்! நீங்கள்?
கீழே, பழக்கத்தில், இன்னும் ஏழே.

பத்து நாற்பதுக்கு அனுப்பினேன்.
பத்து ஐம்பத்திரண்டுக்கு வாய்ஸ் நோட்.
பின்னால் போர் மோட்டார் ஓடுகிறது.

“மேடம், போட்டோ பாத்தேன். சந்தோஷம்.
நாலு வீடு வந்திருக்கே, எந்தப் பக்கம்?
மொட்டை மாடி ஏறிப் பாத்தேன், தெரியல.
ஜன்னல்கூட எங்களுது மாதிரியே வச்சிருக்காங்க.
மூணாவது வீட்டுக்காரரும்
நீல லுங்கிதான் கட்டுவாரு போல.”

சிரிக்கிறாரா என்று
காதோடு அழுத்திக் கேட்டேன்.
மோட்டார் சத்தம்.