மேசை நான்கு, இடப்பக்கம்

வெட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கொழுப்பை வழித்து, பிட்டத்துப் பெருந்தசையை
மடித்துத் திருப்பியபோது
பெருவிரல் அகலத்தில் ஒன்றாய் வரவேண்டிய நரம்பு
இரண்டாய் வந்தது.
ஒன்று பிரிபோமிஸ் தசைக்குக் கீழால்,
மற்றது அந்தத் தசையையே துளைத்துக்கொண்டு,
நெரிசல் பஸ்ஸில் இருவர் தோளுக்கிடையால்
இறங்க வழி தேடும் ஆளைப்போல.

றொக்சன் வலப்பக்கம் நின்றான்.
அவனுடையது புத்தகத்தில் உள்ளபடி ஒரே வடம்,
முழங்காலுக்குச் சற்று மேலே வந்துதான் கிளைத்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஈரக் கோஸைப் போட்டு மூடினேன்.
பெயர் தெரியாதவரிடம்
எப்படி மன்னிப்புக் கேட்பது?

ஆடியபாதம் வீதியில் மழை.
நனைந்தும் கையில் ஃபோமலின் மணம் போகவில்லை.
இரவு தங்கச்சி
போர்வையின் பெரும்பங்கை இழுத்துச் சுருட்டிக்கொண்டாள்.
மிச்சத்துக்குள் கிடந்து, போன் வெளிச்சத்தில் வாசித்தேன்:

கருவுக்கு ஆறு கிழமை.
கால் இன்னும் காலில்லை, ஒரு மொட்டு.
அதற்குள் இறங்குவது ஒரு நரம்பல்ல,
எப்போதும் இரண்டு.
அநேகருக்கு ஒரே உறை இரண்டையும் சுற்றிக்கொள்ளும்.
சிலருக்கு
சுற்றுவதில்லை.

காலையில் மரியநாயகம் அண்ணை
பூட்டுத் திறக்க முதலே வாசலில் நின்றேன்.
கோஸை எடுத்து
போசெப்ஸ் நுனியால் ஓரங்களைத் தடவினேன்.
கிழிசல் இல்லை. ஒரு நாரும் சிலும்பவில்லை.
வேலிக் கம்பியை விழுங்கி வளர்ந்த பூவரசுபோல
தசை அந்த நரம்பை
தனக்குள் வைத்தே வளர்ந்திருந்தது,
நான் பிறக்க ஐம்பது வருடம் முன்பே.

இவருக்கு நொந்திருக்குமா?
பருத்தித்துறை பஸ்ஸில்
ஒரு பக்கம் சரிந்தே இருந்து போனாரா?
வாய்வு எண்டு சொல்லி
வேர்க்கொம்பு அவித்துக் குடித்தாரா?
அல்லது ஒன்றும் அறியாமல்
குதிக்கால் இப்படித் தடிக்கும்வரை நடந்தாரா?
நோகாதவர்களே கூட என்கிறது பாடம்.
இவரைப்பற்றி அதற்கும் தெரியாது.

"இஞ்ச ஒருக்கா வாங்கோ" என்றேன்.
மற்ற மேசைகளும் வந்து குனிந்தன.
"வெட்டிப்போட்டியோ?" என்றான் றொக்சன்.
"இல்லை. வந்ததே இப்படித்தான்."

பிறகு அவனுடைய பக்கத்துக்குப் போய்
ஒழுங்காய் இருந்த அந்த ஒற்றை நரம்பின் உறையை
மெல்லக் கீறினோம்.

உள்ளே அதுவும் இரண்டு.