இருபது புள்ளி ஒன்பது

ருவைஸில் ஆகஸ்ட். காலை ஒன்பதுக்கே நாற்பத்திரண்டு.
ஆறாம் எண் தொட்டியின் வாயருகே
உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை.
உள்ளே மூன்று பேர்,
பலகையில் மூன்று வில்லைகள்,
கையில் ஒரு மீட்டர்.

20.9. நல்லது.
20.8. நல்லது.
பத்தொன்பதரைக்குக் கீழே போனால் விசில்.
என்ன வேலை என்று மாமனார் கேட்டபோது
காற்றுக்குக் கணக்குப்பிள்ளை என்றேன்.
சம்பளத்தைக் கேட்டார்.

பயிற்சி வகுப்பில் மிஸ்ரி பொறியாளர் படம் போட்டார்:
காலையில் தின்ற குபூஸ் உள்ளே சும்மா எரிவதில்லை.
அதன் எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறி
படியிறங்குகின்றன.
ஒவ்வொரு படியிலும் உடம்புக்குக் கொஞ்சம் கூலி.
கடைசிப் படியில் அவற்றை வாங்கிக்கொள்ள
ஒருவன் நிற்க வேண்டும்.
ஆக்சிஜன் அவன்தான்.
வாங்கியதும் தண்ணீராகிவிடுவான்.
அவன் வராத நாளில்
இறக்க ஆளில்லாத லாரிகள் போல
கீழிருந்து மேல்வரை அத்தனையும் நிற்கும்.
வயிறு நிறையச் சோறு, ஒவ்வொரு செல்லும் பட்டினி.

கொழுப்பை மாதக்கணக்கில் வைத்திருக்கும் உடம்பு,
தண்ணீரை இரண்டு மூன்று நாள்.
மூச்சுக்கு மட்டும் அது அன்றாடங்காய்ச்சி.
அன்றாடம் எங்கே, நாலு நிமிஷம்.
கடன் போக, சீட்டுப் போக, டீ குடிக்காமல்
மிச்சம் பிடிக்கத் தெரிந்த எங்களுக்கும்
இதில் ஒரு காசு மிச்சம் பிடிக்க முடியவில்லை.

பத்தேகால். 19.8.
பக்கத்துக் குழாயில் யாரோ நைட்ரஜன் வால்வைச்
சரியாக மூடவில்லை. அது பிறகு தெரிந்தது.
19.3.
ஊதினேன்.

தில்பகதூர் ஏறி வந்தான்.
மைதீன் பிச்சை ஏறி வந்தான்.
சவரிநாயகம் அடியில் நின்று சிரித்தான்.
"ஏன்டா ஊதுற? நல்லாத்தானே இருக்கு."

நல்லாத்தான் இருக்கும்.
கழிவுக்காற்று தேங்கினால்தான் நெஞ்சு முட்டும்.
இது வாசனையில்லாத, வலியில்லாத பஞ்சம்,
மூளைக்குக் கொஞ்சம் கள் ஊற்றிவிட்டு வருவது.
அவன் நின்ற மூலையை அப்புறம் அளந்தார்கள்:
பதிமூன்று.

உள்ளே இறங்கக் கூடாது.
காப்பாற்ற இறங்குகிறவன் இரண்டாவது பிணம்,
வகுப்பில் முதல் பாடம் அது.
கால் இறங்கப் பார்த்தது. கையால் விஞ்சைப் பிடித்தேன்.
மூன்று பேரும் சுற்றினோம்.
இடுப்புக் கயிற்றில் தொங்கி வந்தான்,
தலை ஒருபக்கம், உதடு நாவல்பழம்.

சிலிண்டர் முகமூடி வைத்து
ஒன்று, இரண்டு, மூன்று...
பதினொன்றாம் மூச்சில் கண் திறந்து
முதல் வார்த்தையாக என் அம்மாவைத் திட்டினான்.
ஒரு இன்ச் வெல்டிங் பாக்கியாம்.

ராத்திரி கேம்ப் அறையில் எட்டுக் கட்டில்.
மேல் கட்டிலில் அவன் குறட்டை.
வழக்கமாகச் செருப்பை எறிவேன்.
இன்று எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன்,
நானூற்றுச் சொச்சம் வரை வந்து விட்டுப்போயிற்று.

மூன்றாவது வில்லை என் சட்டைப்பையிலேயே இருக்கிறது.
பலகையில் மாட்டாமல் வந்ததற்கு
நாளைக் காலை திட்டு விழும்.