அண்டை

எங்கள் வண்டியில் அதற்கு அண்டை என்று பேர்.
வேங்கைக் கட்டை, ஒரு பக்கம் சரிவாக இழைத்தது,
பின்சக்கரத்துக்கு மேலே கயிற்றில் தொங்கும்.
ஏற்றத்தில் நின்றால் நான் குதிக்க வேண்டும்.
"அண்டை குடு" என்பான் உச்சிமாகாளி.
கிளம்பும்போது "அண்டை எடு."
மற்றபடி என்னோடு பேச அவனுக்கு ஒன்றும் கிடையாது.
என் வயதில் பாதி; ஸ்டியரிங் அவன் கையில்.

அதே சொல் வீட்டுக்குப் போனால்
சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை போடுகிறவர்கள்.
செய்தியில் வந்தால் கேரளம்.

அன்று பாவூர்சத்திரத்துத் தக்காளி, நூற்றெண்பது பெட்டி.
புளியரை தாண்டி எஸ் வளைவில் மழை.
முன்னால் பேருந்து நின்றது. நாங்களும்.
ஹேண்ட் பிரேக் இழுக்கும் சத்தம் கேட்டு இறங்கினேன்.
கயிறு இருந்தது.
கட்டை இல்லை.

வண்டி ஒரு விரற்கடை பின்னால் வந்தது.
இன்னொரு விரற்கடை.
பின்னால் ஸ்கூட்டரில் ஒரு குடும்பம், நடுவில் பிள்ளை.
எதிரே இறங்கிவந்த ரப்பர் லாரியிலிருந்து ஒருவன் கத்தினான்:
"தட வெக்கு! சேட்டா, தட வெக்கு!"

எனக்குத் தெரிந்த தடை வேறு.
கோழி லாரிக்குத் தடை, மணலுக்குத் தடை,
ஆரியங்காவு செக்போஸ்டில் அட்டையில் எழுதித் தொங்கும்.
இப்போது எதற்குத் தடை, யார் போட்டது என்று
மழையில் நின்று பொருள் தேடிக்கொண்டிருந்தேன்.

அவன் தேடவில்லை.
முண்டை மடித்துக் கட்டியபடி ஓடிவந்து
இடிந்த கைப்பிடிச்சுவரின் கல்லொன்றைப் பெயர்த்து
சக்கரத்தடியில் காலாலேயே தள்ளினான்.
வண்டி ஏறப் பார்த்தது, முனகியது, உட்கார்ந்துவிட்டது.

பெட்டி ஒன்று சரிந்து
தக்காளிகள் தமிழ்நாட்டுக்கே திரும்பி உருண்டன.
ஸ்கூட்டர்ப் பிள்ளை ஒன்றைக் காலால் நிறுத்தியது.

"நிங்ஙள் இதினு எந்தா பறயுன்னது?"
"அண்டை."
"அண்டியோ!" என்று வயிற்றைப் பிடித்துச் சிரித்தான்.
கொல்லத்தில் அது முந்திரிக்கொட்டையாம்.
அதோடு நிற்கவில்லை சிரிப்பு; வேறு பொருளும் இருக்கும்போல.

பேருந்து நகர்ந்தது. ஹார்ன். "அண்டை எடு!"
கல்லை அங்கேயே விட்டுப் போயிருக்கலாம்.
எல்லோரும் அப்படித்தான்; இருபது வருஷமாக நானும்.
சக்கரம் போன பிறகு கல்லுக்கு யாரும் பேர் வைக்கவில்லை,
இருட்டில் ஒரு பைக் வந்து மோதும்வரை.

மடியில் தூக்கிக்கொண்டு ஏறினேன்.
சேறு வழிந்து வேட்டி பாழ்.
செங்குத்து முடிந்து கோட்டைவாசல் தாண்டும்போது
உச்சிமாகாளி திரும்பிப் பார்த்தான்:
"என்னதுய்யா அது?"

வாயில் முந்திக்கொண்டு வந்தது,
"தட."