மூன்றே கால் நொடி

இரவு ஒன்பதுக்கு நான் வரும்போது
நாற்காலி அவர் உயரத்தில் இருக்கும்.
பெசிக் என்று பெயர். பார்த்ததில்லை.
பகல் முழுக்க இதே கணினியில் அவர்.

டைம்லைனை உச்சியில் கட்டிவைத்திருப்பார்,
திபிலிசியில் மாடிக்கு மாடி இழுக்கும் துணிக்கொடிபோல்.
ஒலிமானி இடது ஓரம்.
படம் ஓடும் சதுரத்தை
இரண்டாவது மானிட்டருக்குத் தள்ளிவிடுவார்;
அதுவோ கொஞ்சம் பச்சையடிக்கும்.
கலர் ஸ்கோப் எங்கே போனதென்று
ஒவ்வோர் இரவும் தேடுகிறேன்.

என் அடுக்கை "இரவு" என்று சேமித்திருக்கிறேன்.
அவருடையதற்கு அவர் வைத்த பெயர் "சரியானது".
ஒரு சொடுக்கு,
அவர் வீடு மடிந்து என் வீடு விரியும்.
ஏதாவது ஒரு பலகை மட்டும்
பிடிவாதமாக அவர் பக்கமே நிற்கும்.

படம் சியாத்தூராவில் எடுத்தது.
மலைக்கு மலை கம்பிவடம், அதில் தொங்கும் பெட்டி,
கதவைப் பூட்டித் திறக்கும் மக்வாலா.
இருபத்தாறு வருடம். மேலே, கீழே.

பன்னிரண்டாம் நிமிடத்தில் கேட்கிறார்கள்:
"ஒருநாளாவது நடுவழியில் நின்றிருக்கிறதா?"
வாய் திறக்கிறாள்.
அங்கே உறைந்துவிடுகிறது.

உறையும். இந்த மென்பொருள் அப்படித்தான்.
ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒலி முதலில் கிளம்பும்,
உருவம் செருப்பு மாட்டிக்கொண்டு பின்னால் வரும்.
நிறுத்தினால் ஒரு ஃப்ரேம் தாண்டிப் போய்த்தான் நிற்கும்.
பின்னோக்கி ஓட்டினால் மட்டும்
ஒரு பிசகும் கிடையாது.

பெசிக் அந்த இடத்தில் சிவப்பு மார்க்கர் குத்தியிருந்தார்:
"இங்கே சிக்குகிறது. வெட்டிவிடலாம்."

நானும் நம்பினேன்.
தரத்தைப் பாதியாக்கினேன், காலாக்கினேன்.
மக்வாலாவின் முகம் கட்டம் கட்டமாயிற்று.
அப்போதும் அதே இடம்.
கேஷைக் காலிசெய்து, அணைத்துப் போட்டு,
அது எழும்பும்வரை ஜன்னலில் நின்றேன்.
ஆற்றங்கரைச் சாலையில்
தெருக்கழுவும் வண்டி ஒன்று போனது.

எழுந்தது, அவர் வரிசையில்.
அலுத்துப்போய் மாற்றவில்லை.

என் அடுக்கில் படம் உள்ளங்கை அகலம்.
அவருடையதில் மானிட்டர் முழுக்க.
பச்சையடித்த அந்தப் பெரிய முகத்தின் பின்னால்,
ஜன்னல் மூலையில்,
எதிர்வடத்துப் பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது
ஒரு ஃப்ரேம்கூட விடாமல்.

ஒலிமானியைப் பார்த்தேன், அவர் வைத்த இடத்தில்.
மோட்டாரின் முனகல் அடியில் துடித்துக்கொண்டே இருந்தது.

மக்வாலாதான் நிற்கிறாள்.
மூன்றே கால் நொடி.
கண்கூடச் சிமிட்டவில்லை.
பிறகு "இல்லை" என்கிறாள்.

வெட்டியிருந்தால்
அது வெறும் இல்லையாகப் போயிருக்கும்.

மார்க்கரைப் பச்சையாக்கி எழுதினேன்:
"மென்பொருள்மேல் குற்றமில்லை. தொடாதீர்கள்.
ஜன்னல் மூலையைப் பாருங்கள். மூன்றே கால் நொடி.
பி.கு: கலர் ஸ்கோப்பை எங்கே வைக்கிறீர்கள்?"

மறுநாள் ஒன்பது.
நாற்காலி அவர் உயரத்தில். டைம்லைன் உச்சியில்.
மக்வாலா அப்படியே நின்றாள், வெட்டுப்படாமல்.
மார்க்கரில் இரண்டு வரி கூடியிருந்தது:

"ஸ்கோப்பா? எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.
நிறுத்தும்போது ஒரு ஃப்ரேம் தாண்டுமே, கழித்தீர்களா?"

கழிக்கவில்லை.