மிஸ்

கீழக்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடையில்
நாளுக்கு நாற்பது தடவை விழுகிற சொல்.
ஏர்வாடி வண்டியை மிஸ் பண்ணியவர்கள்
என் விசிறிக்கடியில் வேர்வை ஆற்றுகிறார்கள்.
ரேஷன் கார்டு மிஸ் ஆனவர்கள்
நகலுக்கு நகல் கேட்கிறார்கள்.
பள்ளிப் பிள்ளைகள் டீச்சரைக் கூப்பிடுவது வேறு மிஸ்.
எஜமானி என்ற நீளச் சொல்லின்
தலை மட்டும் அது.

கரண்ட் போன ஒரு மதியம்
அகராதியைப் புரட்டினேன்.
ஆதியில் குறி தப்புவதாம். அவ்வளவுதான்.
ஏக்கம் அதில் வந்து ஏற
பல நூறு வருஷம் ஆகியிருக்கிறது.
தப்பிய அம்பைத் தேடிப் புதருக்குள் போனவன்
திரும்ப நேரமாகியிருக்கும்,
யாரோ வாசலைப் பார்த்திருப்பார்கள்.
இது அகராதியில் இல்லை.
நான் சொல்வது.

தோஹாவுக்கு ஷிஃபா மணி அடித்த காலம் உண்டு.
ஒன்று அடித்தால் சாப்பிட்டாச்சு.
இரண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.
மூன்று, சும்மா.
மிஸ்டு கால் என்று பேர்.
குறி ஒருநாளும் தப்பியதில்லை.

போன வாரம் வாழ்த்து அட்டை அடிக்க வந்தாள்.
மிஸ் யூ போடவா என்றேன்.
"அது கடையில விக்கிற அட்டையிலயே இருக்கே.
புள்ளைக்கு உங்களத் தேடுதுன்னு போடுங்க."
பிள்ளைக்கு மட்டுமா?
சில்லறையை இரண்டு தரம் எண்ணினாள்.

தேடுது.
தேடுகிறவள் எழுவாய் இல்லை இதில்.
நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறாள்,
எதுவோ அவளுக்குள்ளிருந்து தேடுகிறது.

நேற்று மூக்கையூரிலிருந்து எமரென்சியா.
கச்சானில் போன வல்லம், இன்றோடு நாலு நாள்.
படிவத்தின் தலையில்
அதே வினை, ஆங்கிலத்தில், வால் முளைத்து.
கீழே தமிழுக்கு ஒரு கட்டம்.
காணவில்லை என்று அடித்தேன்.
"காணோம்னு போடுங்க."
அது எழுத்து நடை இல்லை என்று சொல்ல
வாயெடுத்து நிறுத்தினேன்.
காண், பிறகு ஓம்.
ஒருத்தி தனியாகச் சாவியைத் தொலைத்தாலும்
நாம் எல்லோரும் சேர்ந்து காணாத சொல்.

அழித்துவிட்டு அடித்தேன்.
மை குறைந்து ணோ மங்கியது.
மறுபடி எடுத்தேன்,
அதற்குக் காசு வாங்கவில்லை.

ஏர்வாடி வண்டி வந்தது,
ஹாரன் அடித்தது,
நின்று பார்த்துப் போனது.
வரிசையில் ஏழு பேர்
அப்படியே நின்றார்கள்.