சட்டைக்கை

கோடம்பாக்கத்தில் பத்தொன்பது வருடம்
இரண்டாம் வயலின், மூன்றாம் நாற்காலி.
எந்தக் கேசட் உறையிலும்
டென்னிசன் ஞானாபரணம் இல்லை.

இடது சுண்டுவிரல் மரத்ததும்
நெய்யூருக்கு வந்து கோலெடுத்தார்.
பதினோரு பேர்; நர்ஸ், தபால்காரர், நான்,
ரப்பர் பால் வெட்டும் வறுவேல்.
"வில்லை அழுத்தாதே" என்றதற்கு
வறுவேல்தான் சொன்னான்:
"கத்தி மாதிரிதானே சார்,
பட்டை கீறணும், மரத்துக்கு நோவப்பிடாது."
பிறகு எல்லோரிடமும் அதையே சொன்னார்,
தன்னுடையதைப் போல.

இடவப்பாதி மழை. ஒத்திகை நடுவில்
கரண்ட் போனது.
தாள் தெரியவில்லை, கோல் தெரியவில்லை,
நிறுத்தவும் தெரியவில்லை.
கஞ்சிபோட்ட அவர் சட்டைக்கை
இருட்டில் உரசுவதை எண்ணி
வாசித்துக்கொண்டே போனோம்.

வெளிச்சம் வந்தபோது
கோல் தரையில்,
இரண்டு கையும் மடியில்.
எந்த இடத்தில் உட்கார்ந்தார் என்று
எங்களுக்குள் இன்னும் தகராறு.