உறவுமுறை என்ற கட்டம்

ரோலாவில் ஒரு டைப்பிங் சென்டர்.
ஏசிக்குக் கீழே வாளி.
அதில் சொட்டுகிற தண்ணீரைத் தவிர
எதற்கும் அவசரமில்லாத மாலை.

"யார் பேர்ல வாங்கப் போறீங்க?"
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார் நிஸ்தார் பாய்.

அஜ்மானில் ஸ்டூடியோ, நாலாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் லாரிகள் நிற்கும் மைதானம்.
கடல் தெரியும் என்றிருந்தான் புரோக்கர்.
தெரிந்தது,
குளியலறை ஸ்டூலில் ஏறி நின்றால்.

ஜெசிந்தா போட்டது பதினோரு வருட நைட் டியூட்டி.
நான் போட்டது ஒரு சீட்டு, இரண்டு வளையல்,
பழைய லேபில் கிடைத்த கிராஜுவிட்டி.
அறுபத்திரண்டுக்கு முப்பத்தெட்டு என்றது கால்குலேட்டர்.
பரவாயில்லை என்றோம், இருவரும் ஒரே நேரத்தில்.
இருவருக்கும் கொஞ்சம் வலித்தது.

ஒருவர் பேரில் என்றால் சுலபமாம்.
சுலபம்தான்; மற்றவள் அங்கே விருந்தாளி.
"ரெண்டு பேர் பேர்லயும் போடலாம்.
ஆனா ஒருத்தர் மவுத்தாயிட்டா
அவங்க பங்கு வாரிசுக்குப் போயிரும்."
மரியாதையாக, சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

என் வாரிசு பட்டுக்கோட்டை அண்ணன்.
கல்யாணம் முறிந்த வாரமே
என் ஸ்கூட்டியை விற்றவன்.
அவள் வாரிசு தக்கலையில் சித்தப்பா மகன்.
கிறிஸ்துமசுக்கு மட்டும் கூப்பிட்டு
சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறவன்.
அவர்களில் ஒருவன் அந்த ஸ்டூலில் ஏறிக்
கடல் பார்ப்பதை நினைத்தேன்.
சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: உறவுமுறை.
பாயின் பேனா அதன் மேல் காத்திருந்தது.
அக்கா தங்கச்சியா? இல்லை.
மதினியா? இல்லை.
காய்ச்சலில் என் வாந்தியை அள்ளியவள்.
தூக்கத்தில் நான் யார் பெயரைச் சொல்லிக் கத்துவேன்
என்று தெரிந்தவள்.
பருப்பில் உப்பை மறப்பவள்,
மறந்ததை இதுவரை ஒப்புக்கொள்ளாதவள்.
கட்டத்தின் நீளமோ இரண்டு சென்டிமீட்டர்.

"அப்ப கம்பெனியாப் போட்டுருங்க.
அதுல உறவு கேக்க மாட்டான்,
பங்கு எத்தனைன்னுதான் கேப்பான்."

வீடு கம்பெனிக்கு. கம்பெனி எங்களுக்கு.
ஒருத்தி விற்பதானால் முதலில் மற்றவளிடம்.
ஒருத்தி போய்ச் சேர்ந்தால்
அவள் ஆட்களுக்குப் பணம், இருப்பவளுக்குச் சாவி.
இதற்கு வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட வேண்டும்.
தொகையைக் கேட்டதும் ஜெசிந்தா வாளியைப் பார்த்தாள்.

"வரையறுக்கப்பட்ட பொறுப்புன்னா எது வரைக்கும்?"
"போட்ட காசு வரைக்கும்மா. அதுக்கு மேல உங்களைத் தொடாது."
ஐசியுவில் வேலை பார்க்கிறவள்.
அப்படியும் ஒன்று உண்டா என்பது போல்
அந்த வரியை மறுபடி வாசித்தாள்.

மூன்று பெயர் எழுதித் தர வேண்டுமாம்.
முல்லையை ஒரு பேக்கரிக்காரன் எடுத்துவிட்டான்.
எங்கள் பெயர்களை ஒட்டிப் பார்த்தோம்,
இருமல் மருந்து மாதிரி இருந்தது.
"வாளின்னு வைப்போம்" என்றேன் களைத்துப் போய்.
பாய் முதல் முறையாகச் சிரித்தார்.
"அரபில எழுதினா கவர்னர்னு படிப்பான், தள்ளிருவான்."

வாளி நிரம்பித் தரையில் வழியத் தொடங்கியிருந்தது.
யாரும் சொல்லவில்லை.
ஜெசிந்தா எழுந்து, இரண்டு கையாலும் தூக்கி,
தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

"மேனேஜர்னு யாரைப் போட?"

கதவைக் காட்டினேன்.